மூன்று மணி நேர இருட்டு

“ரெண்டும் ஒண்ணுதானேம்மா” என்று எங்கள் மேலாளர் சொன்னபோது அக்காவின் கையில் ஒரு கண்ணாடிக் குழாய் இருந்தது. அதை அவன் மண்டையில் உடைத்திருந்தால் நான் எதையும் பார்க்கவில்லை என்று சத்தியம் செய்திருப்பேன். அக்கா உடைக்கவில்லை. குழாயைத் துடைத்தாள், பெட்டிக்குள் படுக்க வைத்தாள், பெட்டியை மூடினாள். அதற்குப் பிறகுதான் கத்த ஆரம்பித்தாள். எவ்வளவு கோபம் வந்தாலும் கண்ணாடிச் சாமானைக் கீழே வைத்துவிட்டுத்தான் வாயைத் திறப்பாள்.

மேலாளரை ‘அவன்’ என்று எழுதுவதைத் தப்பாக நினைக்க வேண்டாம். பதினோரு வருஷம் நேரில் ‘சார், சார்’ என்று குழைந்தாகிவிட்டது. காகிதத்திலாவது எனக்குப் பிடித்தபடி எழுதிக்கொள்கிறேன்.

நாங்கள் வேலை பார்த்தது மாத்திரை செய்யும் ஒரு தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில். இரண்டாம் மாடி. ஒன்பது ஜன்னல், அவற்றில் நான்கு திறக்காது. ஒரு மூலையில் தராசு அறை, அது என் இடம். மூச்சைப் பிடித்துக்கொண்டு மருந்துப் பொடிகளை மில்லிகிராம் கணக்கில் எடை போட்டுக் கொடுப்பது என் பிழைப்பு. எதிர் மூலையில் ஜன்னலே இல்லாத ஒரு சின்ன அறை, அது அக்காவின் இடம். அங்கே போலாரிமீட்டர் என்று ஒரு பழைய கருவி இருந்தது. ஒரு முனையில் மஞ்சள் விளக்கு, மறுமுனையில் கண் வைத்துப் பார்க்க ஒரு துளை, நடுவில் ஒரு நீளக் குழாய். மருந்தைக் கரைத்துக் குமிழி விழாமல் அந்தக் குழாயில் நிரப்பி வைத்தால், உள்ளே போகும் ஒளியை மருந்து கொஞ்சம் திருப்பிவிடும். சில மருந்து இடப்பக்கம் திருப்பும், சிலது வலப்பக்கம். எத்தனை பாகை திருப்பியது என்று பார்த்துச் சொல்வதுதான் அக்காவின் வேலை. அதனால் தொழிற்சாலை முழுக்க அவளுக்கு ‘டியூப் அக்கா’ என்று பெயர். அவளுடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது.

அக்கா அந்தக் கருவிக்கு முன்னால் உட்காரப் பிறந்தவள் இல்லை. பத்தொன்பது வயதில் குடுவை கழுவ வந்தாள். அம்மா சட்டைக்குப் பொத்தான் தைக்கும் கூடத்தில் வேலை, அப்பா எங்கேயோ. ஆறு வருஷம் பகலில் குடுவை கழுவி, மாலைக் கல்லூரியில் வேதியியல் படித்தாள். கழுவும் அமிலம் பட்டு விரல் நுனியெல்லாம் தோல் உரிந்திருக்கும். அந்த விரலால்தான் பரீட்சை எழுதினாள். தேறிய அன்று அப்போதைய மேலாளர், “இனிமே குடுவை கழுவ வேண்டாம்” என்றாராம். “கழுவறதை நானே கழுவிக்கிறேன், நீங்க கழுவ வைக்கிற ஆள் எவனுக்கும் கழுவத் தெரியாது” என்று இவள் பதில் சொன்னாளாம். கடைசிவரை தன் குடுவையைத் தானே கழுவினாள். அவள் வீட்டுக்காரர் ஒரு பேக்கரியில் அடுப்பு பார்ப்பவர், வாய் பேசாத நல்ல மனுஷன். இரண்டு பேருக்கும் சேர்த்து அக்காவே பேசிவிடுவாள்.

அவளுக்குக் கோபம் மூக்கு நுனியில் இருந்தது என்று சொன்னால் மூக்குக்கு மரியாதை இல்லை. அந்த மூக்கை அவள் வேறு வேலைக்கும் வைத்திருந்தாள். அவளுடைய அலமாரியில் இரண்டு சின்னப் பாட்டில்கள். புதிதாக யார் வேலைக்கு வந்தாலும் முதல் நாளே கூப்பிட்டு மோந்து பார்க்கச் சொல்வாள். ஒன்றில் புதினா வாசனை. மற்றதில் சீரகத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி போல ஒரு வாசனை.

“ரெண்டுலயும் ஒரே அணு, ஒரே எண்ணிக்கை, ஒண்ணோட ஒண்ணு கோத்திருக்கிறதுகூட ஒரே மாதிரி. கொதிக்கிற சூடு ஒண்ணு, எடை ஒண்ணு. ஒண்ணு இடக்கைன்னா இன்னொண்ணு வலக்கை, அவ்வளவுதான் வித்தியாசம். அது உன் மூக்குக்கே தெரியுது பாரு” என்பாள். “மூக்குக்குத் தெரிஞ்சது மூளைக்குத் தெரியலைன்னா இங்க வேலை பாக்காதே.”

பாடப் புத்தகத்தில் இதற்கு மாற்றியம் என்று பெயர். நானும் படித்துத்தான் வந்தேன். ஒரே வாய்பாடு, வேறு வடிவம் என்று இரண்டு மதிப்பெண் கேள்விக்கு எழுதிவிட்டு மறந்தவன் நான். அக்கா அதை ஏதோ சொந்தக்கார வீட்டுச் சண்டை மாதிரி மனசில் வைத்திருந்தாள். நம் உடம்பில் இருக்கிற புரதங்கள் எல்லாம் ஒரே கைப்பக்கமாகக் கட்டப்பட்டவை. அதனால் உள்ளே வருகிற மருந்து எந்தக் கை என்று உடம்பு பார்க்கும். சரியான கை வந்தால் கைகுலுக்கும், தப்பான கை வந்தால் வெளியே தள்ளும், சில சமயம் தள்ள முடியாமல் சீக்குப் பிடிக்கும். இதை அவள் சொல்லும்போது குரல் ஏறும். எதிரில் நிற்பவன்தான் உடம்பை ஏமாற்ற வந்தவன் போல முறைப்பாள்.

ஒரு தடவை கொள்முதல் அதிகாரி, நாங்கள் அவனுக்கு வைத்த பெயர் ‘மலிவு’, சூளைக்குள் கையை விடும்போது போடும் தடிமனான கையுறை நாற்பது வாங்கினான். எங்கேயோ சல்லிசாகக் கிடைத்ததாம். பிரித்துப் பார்த்தால் நாற்பதும் இடக்கை. அக்கா அந்த மூட்டையை அவன் மேஜைக்குத் தூக்கிக்கொண்டு போனாள். எல்லோரும் வேடிக்கை பார்க்கப் பின்னால் போனோம்.

“எண்ணிக்கை சரியா இருக்கா?”

“இருக்கேம்மா.”

“எடை சரியா இருக்கா? நிறம்? துணி?”

“எல்லாம் சரிதான்.”

“அப்போ போட்டுக்காட்டு. ரெண்டு கையிலயும் போட்டுக்காட்டு.”

அவன் வலக்கையை இடக்கை உறைக்குள் திணித்துக்கொண்டு, கட்டைவிரலுக்கு இடம் தெரியாமல் முழித்தான். சிரித்துச் சிரித்து எங்களுக்கு வயிறு வலித்தது. அக்கா சிரிக்கவில்லை. இதே ஆள்தான் மருந்துப் பொடியும் வாங்குகிறான் என்று அவளுக்கு அப்போதே உறைத்திருந்தது. எங்களுக்கு உறைக்கவில்லை.

எங்கள் தொழிற்சாலை செய்த மாத்திரைகளில் ஒன்று நடுக்குவாதத்துக்கானது. கை நடுங்கும், உடம்பு இறுகும், நடக்க நினைத்தால் கால் தரையை விட்டு எழும்பாது. அந்த நோய்க்காரர்களுக்கு அந்த மாத்திரை போட்ட அரை மணியில் உடம்பு இளகும். அந்த மருந்தில் இடஞ்சுழி வகைதான் வேலை செய்யும். வலஞ்சுழி வகையால் ஒரு பிரயோஜனமும் இல்லை. ஆரம்ப காலத்தில் இரண்டும் கலந்த மருந்தைக் கொடுத்தபோது நோயாளிகளின் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறைந்து போயினவாம். அதற்குப் பிறகுதான் இடஞ்சுழியை மட்டும் தனியாகக் கொடுக்க ஆரம்பித்தார்கள்.

அந்த மாத்திரையைச் சாப்பிடுகிற ஒருவர் எங்கள் தொழிற்சாலையிலேயே இருந்தார். கிடங்குக்குப் பொறுப்பான ஸ்டோர் அண்ணன். பொடி வந்திறங்கும் டப்பாக்களில் சோதனை முடியும்வரை மஞ்சள் சீட்டும், தேறினால் பச்சைச் சீட்டும், தேறாவிட்டால் சிவப்புச் சீட்டும் ஒட்டுவது அவர் வேலை. காலையில் மாத்திரை போடும்வரை அவர் ஒட்டுகிற சீட்டு கோணிக்கொண்டு போகும். போட்ட பிறகு ஸ்கேல் வைத்த மாதிரி நேராக நிற்கும். “என் கை எப்போ தேறுதுன்னு சீட்டைப் பாத்தே சொல்லிடலாம்” என்று அவரே கேலி பேசுவார். நோய் வந்த பிறகு அவர் முகம் சிரிப்பதை விட்டுவிட்டது, தசை இறுகிவிட்டது. கேலி மட்டும் இறுகவில்லை.

இந்த மருந்தின் பொடியைச் சோதிக்க ஒரு தனி முறை உண்டு. இருநூறு மில்லிகிராம் எடுத்து அமிலத்தில் கரைத்து, இன்னொரு ரசாயனமும் சேர்த்து, வெளிச்சம் படாமல் மூன்று மணி நேரம் வைத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் குழாயில் நிரப்பிப் பார்க்க வேண்டும். கணக்குப் போட்டால் கழித்தல் நூற்றறுபதுக்கும் நூற்றறுபத்தேழுக்கும் நடுவில் வரவேண்டும். கழித்தல் என்றால் இடப்பக்கம். அந்த மூன்று மணி நேரத்தைக் குறைக்க முடியாது. எவ்வளவோ மேலாளர்கள் வந்து, “ஒண்ணரை மணி போதாதா?” என்று கேட்டுப் பார்த்தார்கள். அக்கா குடுவையை இருட்டு அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டுவிடுவாள்.

மலிவு ஒரு புது இடத்திலிருந்து ஆறு டப்பா பொடி வாங்கினான். நான் எடை போட்டேன், அக்கா கரைத்தாள், மூன்று மணி நேரம் காத்தாள், பார்த்தாள். கழித்தல் நூற்றுப் பதினான்கு.

மறுபடி செய்தாள். நூற்றுப் பதினான்கு.

அதாவது நூறு பங்கில் பதினைந்து பங்கு தப்பான கை. தப்பான கை பதினைந்து பங்கு எதிர்ப்பக்கம் இழுக்க, அது சரியான கையிலும் பதினைந்து பங்கைத் தின்றுவிட, மிச்சம் எழுபது பங்குதான் கருவிக்குத் தெரியும். மற்ற சோதனைகளில் பொடி கம்பீரமாகத் தேறிவிட்டது. தூய்மை தொண்ணூற்றொன்பதரை. அந்தச் சோதனைகளுக்கு எந்தக் கை என்று கேட்கத் தெரியாது. மாத்திரையாக அழுத்திய பிறகு செய்கிற சோதனைகளுக்கும் தெரியாது. அந்தக் கட்டடத்தில் அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்தது ஒரு மஞ்சள் விளக்குக்கும் அக்காவுக்கும்தான்.

அப்போதுதான் மேலாளர் அந்த அறைக்குள் வந்து, தாளைத் தட்டிக் காட்டி, “தூய்மை தொண்ணூத்தொம்பதரை இருக்கு. வாய்பாடு ஒண்ணு, எடை ஒண்ணு. ரெண்டும் ஒண்ணுதானேம்மா” என்றான்.

அக்கா கத்தியது கீழே பேக்கிங் பகுதிவரை கேட்டது. “உங்க வலது கால் செருப்பை இடது கால்ல போட்டுக்கிட்டு வீட்டுக்கு நடந்து போங்க சார். போயிட்டு வந்து ஒண்ணுன்னு சொல்லுங்க” என்றாள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே போனான். போகிற வழியில் என் தராசு அறைக்குள் எட்டிப் பார்த்தான்.

அன்று சாயங்காலம் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டான். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக உட்காரச் சொன்னான். டீ வரவழைத்தான். அவனே எடுத்துக் கொடுத்தான். “நீ நம்ம ஆளு” என்றான். மாத்திரை அனுப்ப வேண்டிய தேதி நெருங்கிவிட்டது, அந்த அம்மாவுக்குக் கோபத்தில் கண் சரியாகத் தெரிவதில்லை, பழைய கருவி, என்றெல்லாம் பூசி மெழுகினான். கடைசியில் விஷயத்துக்கு வந்தான். “அடுத்த தடவை கொஞ்சம் தாராளமா எடை போடேன்.”

தராசு அறையில் வேலை பார்க்கிற யாருக்கும் இதற்கு விளக்கம் வேண்டாம். கரைசலில் பொடி கூடினால் ஒளி கூடுதலாகத் திரும்பும். நோட்டில் இருநூறு என்று எழுதிவிட்டு உள்ளே இருநூற்றெண்பத்தாறு போட்டால், நூற்றுப் பதினான்கு காட்டுகிற பொடி நூற்றறுபத்துமூன்று காட்டும். எடையைத் தானாக அச்சடிக்கும் பொறி இரண்டு மாதமாகக் கெட்டுக் கிடந்தது; மலிவு அதற்கு மை நாடா வாங்கித் தரவில்லை. எடையை நான்தான் கையால் எழுதிக்கொண்டிருந்தேன்.

அவன் என்னை மிரட்டவில்லை. பதவி தருகிறேன் என்று சொல்லவில்லை. ஒரு நாற்காலி, ஒரு டீ, ‘நம்ம ஆளு’. அதற்கு நான் விழுந்தேன். எவனாவது லட்சம் வாங்கிக்கொண்டு துரோகம் செய்தான் என்று கேள்விப்பட்டால் இப்போதெல்லாம் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. அவன் விலையாவது சொல்லிக்கொள்ளும்படி இருக்கிறது.

மறுநாள் இருநூற்றெண்பத்தாறு போட்டேன். இருநூறு என்று எழுதினேன். அக்கா என் கையிலிருந்து குடுவையை வாங்கிக்கொண்டு போனாள். பதினோரு வருஷமாக என் எடையை அவள் ஒரு நாள்கூடச் சந்தேகப்பட்டதில்லை. மற்றவர்களை எல்லாம் திருப்பிப் போடச் சொல்வாள், என்னைச் சொன்னதில்லை. மூன்று மணி நேரத்துக்குப் பிறகு, கழித்தல் நூற்றறுபத்துமூன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். போட்டுவிட்டு ரொம்ப நேரம் விளக்கை அணைக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த நாள் நான் சாப்பிடப் போன நேரத்தில் அவளே தராசு அறைக்குள் போய் எடை போட்டிருக்கிறாள். சாயங்காலம் என் எதிரில் வந்து நின்றாள். அவள் கத்துவாள் என்று நான் தயாராக இருந்தேன்.

“பொடி ஒரே நாள்ல திருந்திடுமாடா?” என்று மெதுவாகக் கேட்டாள்.

நான் தராசின் கண்ணாடிக் கதவைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

“நூத்துப் பதினாலுதான் வருது. எவ்வளவு போட்ட?”

“இருநூறுதான்க்கா.”

அவள் கத்தவே இல்லை. அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. திட்டித் தொலைத்திருந்தால் பதிலுக்கு நானும் கத்தி, கோபத்தோடு கோபமாக எல்லாவற்றையும் கொட்டியிருப்பேன் என்று இப்போது சப்பைக்கட்டு கட்டுகிறேன். கொட்டியிருக்க மாட்டேன்.

அக்கா தன் கையெழுத்தை அடித்துவிட்டு, பக்கத்தில் ‘இந்த அளவு பொய்’ என்று எழுதிவிட்டாள். விசாரணை வைத்தார்கள். நீள மேஜை, ஒரு பக்கம் ஐந்து பேர், எதிர்ப்பக்கம் அக்கா தனியாக. சாட்சி நான். “எவ்வளவு எடை போட்டீங்க?” என்று கேட்டார்கள். “இருநூறு” என்றேன். அக்கா என்னைப் பார்க்கவே இல்லை, ஜன்னலைப் பார்த்தாள். சோதனைப் பதிவேட்டைச் சிதைத்த குற்றத்துக்காக அவளை வேலையை விட்டு நீக்கினார்கள். முப்பத்திரண்டு வருஷம். தன் குடுவைகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் போனாள். ஆறு டப்பாவுக்கும் பச்சைச் சீட்டு ஒட்டப்பட்டது. ஒட்டியவர் ஸ்டோர் அண்ணன்.

அதற்கு ஒரு மாதம் கழித்து அந்தப் பொடியில் செய்த மாத்திரை வெளியே வந்தது. வேலை பார்ப்பவர்களுக்குத் தொழிற்சாலை மருந்தக ஜன்னலிலேயே மருந்து கொடுப்பார்கள். அண்ணன் அங்கேதான் வாங்குவார். அக்கா அவருக்குப் போன் செய்து, அந்த மாத்திரையைச் சாப்பிடாதீர்கள் என்று சொல்லியிருக்கிறாள். அவர் நேராக என்னிடம் வந்தார்.

“தம்பி, தங்கச்சி என்னமோ சொல்லுது, மாத்திரை சரியில்லைன்னு. எடை போட்டது நீதானே? நீ சொல்லு, சாப்பிடலாமா?”

“நல்ல மாத்திரைதான் அண்ணே. அக்காவுக்கு வேலை போன கோபம்” என்றேன்.

அவர் நம்பினார். ஏன் நம்ப மாட்டார்? நான் நம்பத் தகுந்த முகத்தோடு பிறந்திருக்கிறேன். கண்ணாடியில் பார்த்தால் எனக்கே அறையத் தோன்றுகிறது.

அக்கா மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு மனு எழுதுகிறாள் என்று தெரிந்ததும் அவள் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்க இல்லை. என் பெயரை எழுதாமல் பார்த்துக்கொள்ளத்தான் போனேன். சைக்கிள் பழுது பார்க்கும் கடைக்கு மேலே இரண்டு அறை. வீட்டுக்காரர் மாவு படிந்த சட்டையோடு கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தார். மேஜையில் கோடு போட்ட தாள், எட்டுப் பக்கம் முடிந்திருந்தது.

“உன் பேரை எழுதலை” என்றாள், நான் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே. “எடை போட்டவர்னு மட்டும் எழுதியிருக்கேன். உன் பேரை எழுத எனக்குக் கை வரலை.”

“அக்கா, நான் என்ன செய்யட்டும், அவங்க—”

“அண்ணன்கிட்ட நல்ல மாத்திரைன்னு சொன்னியாமே.”

கட்டிலில் வீட்டுக்காரர் புரண்டு படுத்தார். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“மேலாளன் தெரியாம செஞ்சான்னுகூடச் சொல்லலாம்டா. அவன் படிச்சது அவ்வளவுதான். நீ தெரிஞ்சு செஞ்ச. எவ்வளவு கூடப் போடணும்னு கணக்குப் போட்டே செஞ்ச. கிளம்பு, எனக்கு இன்னும் ரெண்டு பக்கம் இருக்கு.”

இறங்கி வரும்போது படிக்கட்டில் எனக்கு அவள் மேல் கோபம் கோபமாக வந்தது. என்ன பெரிய உத்தமி, ஊரில் யாருமே பொய் சொல்வதில்லையா, பதினைந்து பங்குக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று முணுமுணுத்துக்கொண்டே நடந்தேன். வீடுவரை அந்தக் கோபம் துணைக்கு வந்தது.

மனு போய் இரண்டரை மாதம் கழித்து அதிகாரியம்மா ஒருவர் வந்தார். ஒல்லியான பெண், அதிகம் பேசவில்லை. மனு கொடுத்தவரும் கூட இருக்க வேண்டும் என்று அக்காவையும் வரச் சொல்லியிருந்தார். ஒவ்வொரு தடவை பொடி வரும்போதும் கொஞ்சம் எடுத்து முத்திரை வைத்து ஒதுக்கி வைப்போம். அந்த மாதிரியில் பாதியைத் தன் பைக்குள் வைத்துக்கொண்டு, மீதியைத் தன் கண் முன்னால் சோதிக்கச் சொன்னார். நான்தான் எடை போட்டேன். அதிகாரியம்மா என் தோளுக்குப் பின்னால் நின்றார். இருநூறு. அக்கா கரைத்தாள். குடுவையை இருட்டு அலமாரியில் வைத்துப் பூட்டும்போது மணி பதினொன்று பத்து. இரண்டு பத்துக்குத்தான் திறக்க முடியும்.

அந்த மூன்று மணி நேரமும் எல்லோரும் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். மேலாளர் எழுந்து போவதும் போன் பேசுவதும் திரும்பி வந்து வியர்வையைத் துடைப்பதுமாக இருந்தான். எனக்குப் பயம் அடங்கி ஒரு யோசனை வந்திருந்தது: அளவு குறைந்தால் குறையட்டும், பொடி வைத்த இடத்தில் கெட்டுவிட்டது என்று சொல்லிவிடலாம். மேலாளரும் அதைத்தான் யோசித்திருந்தான். கண்ணாலேயே எனக்குச் சொன்னான். நானும் கண்ணாலேயே தலையாட்டினேன்.

ஒரு மணிக்கு ஸ்டோர் அண்ணன் சீட்டு ஒட்டிய பதிவேட்டை எடுத்துக்கொண்டு வந்தார். வாசலில் அவர் கால் நின்றுவிட்டது. நிலைப்படியைத் தாண்ட முடியாமல் அதே இடத்தில் சின்னச் சின்னதாக மிதித்துக்கொண்டிருந்தார். அக்கா எழுந்து போய்க் கையைப் பிடித்து உள்ளே கொண்டுவந்து உட்கார வைத்தாள். பதிவேடு அவர் மடியில் படபடவென்று ஆடியது.

“மாத்திரை போட்டீங்களா அண்ணே?”

“பத்து மணிக்குத்தான் போட்டேன் தங்கச்சி. முன்னெல்லாம் ஒண்ணு போட்டா ரெண்டு மணி வரைக்கும் தாங்கும். இப்போ பன்னண்டரைக்கே விட்டுப் போயிடுது.” ஒரு பெருமூச்சு விட்டார். “முத்திடுச்சும்மா. டாக்டர் முன்னாடியே சொல்லியிருந்தாரு, ஒருநாள் இப்படி ஆகும்னு. சீட்டு ஒட்ட முடியாதவன் எதுக்கு இங்க உக்காந்துக்கிட்டுன்னு இன்னிக்குக் காலையில லெட்டர் குடுத்துட்டேன். இந்த மாசத்தோட சரி.”

அக்கா என்னைப் பார்த்தாள். விசாரணை அறையில் பார்க்காத பார்வையை இங்கே பார்த்தாள்.

இன்னும் ஒரு மணி பத்து நிமிஷம் இருந்தது. சும்மா இருந்தால் போதும், கருவியே எண்ணைச் சொல்லிவிடும், நான் வாயைத் திறக்க வேண்டியதில்லை என்று அந்த நேரத்திலும் உள்ளே ஒருவன் கணக்குப் போட்டான். அவனை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை.

“இருநூத்தியெண்பத்தாறு” என்றேன்.

அதிகாரியம்மா நிமிர்ந்தார். “என்ன?”

“அன்னிக்கு நான் போட்ட எடை இருநூத்தியெண்பத்தாறு. இருநூறுன்னு எழுதினேன். சார் சொன்னாரு, நான் செஞ்சேன். பொடி அப்பவே தப்பு. வந்த அன்னிக்கே தப்பு.”

மேலாளர் எழுந்து என்னென்னவோ சொன்னான். அதிகாரியம்மா எழுதிக்கொண்டே, “உக்காருங்க” என்று மட்டும் சொன்னார்.

அண்ணனுக்கு எடைக் கணக்கு புரியவில்லை. என்னையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அண்ணே” என்று அக்கா அவர் எதிரில் குனிந்தாள். “உங்க மாத்திரையில மருந்து முழுசா இல்ல. ஏழுல ஒரு பங்குக்கு மேல தப்பான கை. உங்க உடம்பு அதை வாங்கிக்காது. அதான் சீக்கிரம் விட்டுப் போகுது.”

அவர் மடியில் ஆடிய பதிவேட்டை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தார்.

“அப்போ எனக்கு முத்தலையா?”

“முத்தலை அண்ணே. மாத்திரைதான் தப்பு.”

“முத்தலையா” என்றார் மறுபடி. சிரிக்க முடியாத அந்த முகத்தில் கண் மட்டும் நிறைந்து வழிந்தது. கோபமே வரவில்லை அவருக்கு. மூன்று மாதமாக நாங்கள் அவரிடமிருந்து திருடியிருக்கிறோம். அவர் பரீட்சையில் தேறிய பிள்ளை மாதிரி சுற்றிச் சுற்றி எங்கள் எல்லோரையும் பார்த்தார். பிறகு பதிவேட்டை மேஜையில் வைத்துவிட்டு எழ முயன்றார்.

“லெட்டரைத் திருப்பி வாங்கணுமே. ஆபீஸ்ல ஒண்ணரைக்குச் சாப்பிடப் போயிடுவாங்க. தம்பி, கொஞ்சம் கையைப் பிடி.”

நான் பிடித்தேன். அவர் என் முழங்கையைத் தடவிக் கொடுத்தார். “நீயாவது சொன்னியே. நல்லா இருப்ப தம்பி.”

“அவனைப் போய் வாழ்த்தாதீங்க அண்ணே” என்று அக்கா பின்னாலிருந்து கத்தினாள்.

அவர் காதில் அது விழவில்லை. லெட்டரைக் கிழித்துவிடுவார்களா, இல்லை கோப்பில் போட்டிருப்பார்களா என்று என்னிடம் கேட்டுக்கொண்டே, தன் பாரம் முழுவதையும் என் கை மேல் போட்டு, ஒவ்வொரு அடியாக எடுத்து வைத்தார். மாடிப்படிவரை போய்ச் சேர எங்களுக்குப் பத்து நிமிஷம் ஆனது.